அரபுச் செய்யுளும் தமிழ்ச் செவியும்

அண்ணாகிராமம் வட்டாரத்து விவசாயி ஒருவர், கரும்பு மகசூலைக் கணக்கிட்டு, வசூலான பணத்தில் கடனை அடைத்துவிட்டு, வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கும்போது, மகசூல், வசூல், வாரிசு, தாலுகா என்ற நான்கு சொற்களுமே அரபியிலிருந்து தம் நாவில் வந்து குடியேறியவை என்று நினைப்பதில்லை. சொற்களோடு இத்தனை அந்நியோந்நியமாகிவிட்ட நாம், அம்மொழியின் உத்தமமான செல்வமாகிய பண்டைச் செய்யுளோடு மட்டும் பரிச்சயமின்றி இருப்பது தகுமா?

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை இக்கேள்விக்கு முன்பே விடை சொல்லியிருக்கிறது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய காலத்தில், வள்ளல் சீதக்காதிக்குப் பின் அவரை ஆதரித்தவர் அவ்வூர் அபுல்காசிம் மரைக்காயர். காப்பியத்துக்கு வேண்டிய அரபு மூலங்களின் பொருளைப் புலவர் பெறுவதற்குத் துணையாயிருந்தவர் கீழக்கரை ஸதக்கத்துல்லா அப்பா என்பது வழிவழிச் செய்தி. அரபு ஞானமும் தமிழ்ப் புலமையும் கைகோத்த பயனாகவே 5,000-க்கு மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட காப்பியம் நமக்குக் கிடைத்தது.

செய்யுளைக் கொண்டு மொழியைக் கற்பது அரபு அறிஞர்களின் புராதன சம்பிரதாயம். எட்டாம் நூற்றாண்டில் இலக்கணம் வகுத்த சீபவைஹி, நம் உரையாசிரியர்கள் சங்கப் பாடல்களைக் காட்டுவதுபோலவே, ஆயிரத்துக்கும் அதிகமான செய்யுளடிகளை ஆதாரமாகக் காட்டினார். மூன்று மெய்களாலான ஒரே வேரிலிருந்து கிதாப் என்னும் புத்தகமும், காதிப் என்னும் எழுத்தரும், மக்தப் என்னும் பாடசாலையும் கிளைப்பதை ஒரு கவிதையின் நடுவே கண்டுகொள்ளும் மாணவன், சொல்லை அதன் வம்சத்தோடு அறிகிறான். கஸீதா என்னும் அரபுச் செய்யுள் வகையில் தொடக்கம் முதல் முடிவு வரை அடியிறுதி தோறும் ஒரே இயைபு ஒலிப்பதைக் கேட்டவனுக்கு, அடியின் தலையில் நிற்கும் நம் எதுகையின் அழகும் புதிதாகப் புலப்படுகிறது.

அப்பியாசங்களில் சிறந்தது தக்மீஸ். முன்னோர் ஒருவரின் ஈரடிக்கு முன்னே, சந்தமும் இயைபும் பொருளும் வழுவாமல், மூன்றடிகளைத் தாமே இயற்றி ஐந்தாக்குவது அது. ஸதக்கத்துல்லா அப்பா (1632–1703) வித்ரிய்யா என்னும் நபிப் புகழ்ப்பாவுக்கு இவ்வாறு தக்மீஸ் செய்தார். பிறர் சொல்லை அணுவணுவாக உணர்ந்தாலன்றி அதற்கு முன்னே நம் சொல்லை நிறுத்த முடியாது. வாசிப்பும் எழுத்தும் இங்கே ஒரே காரியமாகின்றன.

அரபு மொழி மார்க்கத்துக்குரியது, மற்றவர்க்கு எதற்கு என்பர் சிலர். ஆனால் இம்ருல் கைஸ் முதலிய கவிஞர்களின் முஅல்லகாத் பாடல்கள் இஸ்லாத்துக்கு முன்னரே பிறந்தவை. காதலி கூடாரம் பெயர்த்துச் சென்ற மணல்வெளியில் நின்று தலைவன் கண்ணீர் வடிக்கும் அக்காட்சி, பாலைத்திணையில் தோய்ந்த எந்தத் தமிழ் நெஞ்சுக்கும் அந்நியமன்று. வளைகுடா வேலைக்குப் பேச்சரபு போதும் என்பர் வேறு சிலர். பிழைப்புக்கு அது போதலாம், ரசனைக்குப் போதாது.

ஆகவே நம் மக்தபுகளில் எழுத்தும் உச்சரிப்பும் பிழையறப் பயிலும் பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு செய்யுளேனும் வேரும் பொருளும் விளங்கக் கற்பித்து, அதைத் தமிழில் எழுதிவரச் சொல்வோம். 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள், அகத்திணையையும் கஸீதாவையும் அருகருகே வைத்துக் கற்கட்டும். வயலும் அலுவலகமும் அரபுச் சொற்களை ஏற்றுத் தமிழாக்கிக்கொண்டன. பள்ளியும் கல்லூரியும் அம்மொழியின் கவிதையை ஏற்பதே எஞ்சியிருக்கிறது.