பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்காத கேள்வி

தவக்காலம் வந்தால் எங்கள் தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்துக்கு வெளியூர்ச் சாமியார் ஒருத்தர் தியானப் பிரசங்கம் கொடுக்க வருவார். குடியை விடு, பொய்யை விடு, பொண்டாட்டியை அடிக்காதே, மனந்திரும்பு. திரும்பின பிறகு விழாமல் கடைசிவரை நில். சொல்வதெல்லாம் சரிதான். குடி எங்கள் சேரியில் எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறது என்று பார்த்தவன் நான். அதையும் ஆதிக்கசாதிச் சதி என்று சொல்லித் தப்பிக்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நாற்பது வருசமாக முட்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். பூசைக்கு ஏன் வரல, சினிமாவுக்குப் போனியா, கெட்ட எண்ணம் வந்துச்சா என்று கேட்ட சாமியார்கள் உண்டு. “சாதி பாத்தியா?” என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஊர்த்தெருக்காரரிடம் கேட்டிருப்பார்களோ? கேட்டிருந்தால் எங்கப்பா சாகிறதுக்குள் ஒருநாளாவது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இது மறதி இல்லை. 1744இல் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் பற்றி ஆணை போட்டபோது, சேசு சபை செய்த ஏற்பாடு என்ன? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். தீட்டை விடச் சொல்வதற்குப் பதில் தீட்டுக்குத் தோதாகச் சாமியாரையே இரண்டாகப் பிரித்தார்கள். சீர்திருத்தச் சபையின் கதையும் தெரிந்ததுதான். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விடவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோவிலை விட்டே வெளியேறினார்கள்.

1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள் கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் அதே ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டுத் தீண்டாமையைச் சமூகப் பாவம் என்றது. நடுவில் 2008 மார்ச்சில் எறையூர். தனிப் பங்கு கேட்டதற்காகத் தலித் கிறிஸ்தவர்களை வன்னியக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு உயிர் போனது. பாவம் என்று எழுதியாகிவிட்டது. பரிகாரம் எங்கே?

எங்களுக்கோ ‘நிலைத்திரு’ என்று பாடம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி எங்களைப் பட்டியலிலிருந்து தள்ளியது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், எங்களை இல்லை. பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பு அத்தனையும் போயும் ‘சேசுவே’ என்று நிற்கிறவனுக்கு யார் நிலைத்திருக்கக் கற்றுக்கொடுப்பது? (சர்டிபிகேட்டில் ஒரு பேரும் கோவிலில் ஒரு பேருமாகப் பிழைக்கிறவர்களை நான் பாவி என்று சொல்லமாட்டேன்.)

இதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டியில் தலித் வீடுகள் 200க்கும் மேல் எரிக்கப்பட்டன. காரணம் சாதி தாண்டிய ஒரு கல்யாணம். அடுத்து வந்த தவக்காலத்தில் நான் கேட்ட பிரசங்கத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கம்போலக் குடிதான்.

சக்கேயுவைப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டதோடு விட்டானா? ஏமாற்றினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான், சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். அப்படியென்றால் சாதி பார்த்தவனுக்கு அபராதம் மூணு செபம் இல்லை. பொதுக் கல்லறை, பள்ளிக்கூட வேலையில் பங்கு, பங்குப் பேரவையில் இடம், சம்பந்தம். அதுவும் ஒரு தவக்காலத்தில் முடிகிற காரியமில்லை. நாற்பது நாள் கறி தின்னாமல் இருப்பது சுலபம், வருசக்கணக்காக நின்று இதைச் செய்யட்டும்.

நமக்கும் இந்தக் கேள்வி உண்டு. போன தவக்காலத்தில் யாரும் கேட்காமல் நானே சொன்னேன்: “சாமி, அருந்ததியர் வீட்ல என் மகனுக்குப் பொண்ணு கேக்க எனக்கு மனசு வரல.” வலைக்கு அந்தப்பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. அப்புறம் மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். பெண் கேட்க இன்னும் போகவில்லை.