கத்தரிக்கோலும் அமானிதமும்



படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் பழைய வழக்கை இம்மாதம் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதற்கு விடை கூற ஊர்தோறும் ஆலிம்கள் உள்ளனர். நான் சொல்ல வருவது வேறு. வீட்டிலுள்ள டிவிடி தகட்டிலிருந்து, பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகாத பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று எண்ணுவோர் நம்மில் பலர். நல்லெண்ணந்தான். அந்த நல்லெண்ணம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது அமெரிக்காவில் என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

யூட்டா மாநிலம் மோர்மன் திருச்சபையினர் மிகுதியாக வாழும் இடம். மதுவை மட்டுமன்று, தேநீரையும் காப்பியையும் கூட விலக்கியவர்கள் அவர்கள். 1998இல் ‘டைட்டானிக்’ படம் ஒளிநாடாவாக விற்பனைக்கு வந்தபோது, அம்மாநிலத்தின் அமெரிக்கன் ஃபோர்க் என்னும் ஊரில் ஒரு வீடியோக் கடைக்காரர் 5 டாலர் கூலிக்கு ஒரு வேலை செய்து கொடுத்தார். வாடிக்கையாளர் தாமே விலைக்கு வாங்கிய நாடாவைக் கொண்டுவருவார். ஆடையற்ற காட்சியை வெட்டி, நாடாவை மறுபடி ஒட்டிக் கொடுப்பார். பட நிறுவனம் முகம் சுளித்தது, தாய்மார்களோ மகிழ்ந்தனர்.

நாடாவுக்குப் பின் டிவிடி வந்தது. தகட்டைக் கத்தரியால் வெட்ட முடியாது. அதில் படம் பூட்டியே வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறந்து, படத்தைக் கணினியில் இறக்கி, வேண்டாதவற்றை நீக்கி, வேறொரு வெற்றுத் தகட்டில் பதிய வேண்டும். கிளீன்ஃபிளிக்ஸ் என்னும் நிறுவனம் இதனையே தொழிலாகச் செய்தது. ஒவ்வொரு திருத்திய பிரதிக்கும் ஓர் அசல் தகட்டை நாங்கள் விலை கொடுத்து வாங்கிவிடுகின்றோம், ஆகவே எவருக்கும் நஷ்டமில்லை என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது அல்லவா?

வழக்கைத் தொடுத்தவர்களும் கத்தரிப்பவர்கள் பக்கத்தினரே என்பதுதான் விந்தை. ஸ்டீவன் சோடர்பெர்க், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் உள்ளிட்ட 16 இயக்குநர்களுக்கு எதிராக, எங்கள் செயல் சட்டப்படி சரியே என்று அறிவிக்க வேண்டுமென 2002இல் கொலராடோவில் அவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2006 ஜூலையில் நீதிபதி ரிச்சர்ட் மாட்ச் தீர்ப்பளித்தார். இவ்வாறு வெட்டுவது சமுதாயத்துக்கு நல்லதா, தீயதா என்பது இந்த நீதிமன்றத்தின் முன்னுள்ள கேள்வியன்று. பிறருடைய படைப்பை மாற்றிப் படியெடுத்து விற்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. இல்லை என்பது தீர்ப்பின் சாரம். கிளீன்ஃபிளிக்ஸ் தன் தொழிலை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆனால் அதே காலத்தில், அதே யூட்டாவிலிருந்து வந்த கிளியர்பிளே என்னும் மற்றொரு நிறுவனம் தப்பித்தது. அது தகட்டைத் தொடவேயில்லை. இன்ன படத்தில் இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது வினாடி முதல் இதுவரை தாண்டிவிடு, இந்தச் சொல் வரும்போது ஒலியை அடக்கிவிடு என்று ஒரு குறிப்பட்டியலை மட்டுமே தயாரித்தது. அசல் தகட்டைப் போட்டால் இயந்திரம் அந்தப் பட்டியலைப் பார்த்து நடந்துகொள்ளும். 2005 ஏப்ரல் 27 அன்று கையொப்பமான ஒரு சட்டம் இதற்கு வெளிப்படையாக அனுமதி தந்தது. ஒருவர் தம் வீட்டில், தம் குடும்பத்தாரின் விருப்பப்படி, முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து சில பகுதிகளை மறைத்துப் பார்க்கலாம். மாற்றிய படத்தின் நிலையான நகல் மட்டும் உருவாகக் கூடாது.

வாசகர்களே, இந்த வேறுபாட்டைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முதலாமவர் பிறர் பொருளைத் திருத்தினார். இரண்டாமவர் தம் பார்வையைத் திருத்தினார். சூரத்துன் நூர் 30, 31ஆம் வசனங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பார்வையைத் தாழ்த்துமாறு அங்கே முதலில் ஆண்களுக்கும், பின்னர் பெண்களுக்கும் கட்டளை வருகின்றது. பேச்சு பார்ப்பவரை நோக்கியே இருக்கின்றது.

மூன்றாவதாக வந்த விட்ஏஞ்சல் என்னும் நிறுவனம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தேடிற்று. தகடுகளை வாங்கி, பூட்டை உடைத்து, தன் கணினிகளில் ஏற்றி, வடிகட்டி வீடுகளுக்கு அனுப்பியது. 20 டாலருக்குப் படத்தை ‘விற்று’, மறுநாளே 19 டாலருக்குத் திரும்ப ‘வாங்கிக்கொள்ளும்’. ஆக, ஓர் இரவுக்கு 1 டாலர் வாடகை. ஃபிக்ஹு நூல்களில் ‘பைஉல் ஈனா’ என்னும் பாடத்தை ஓதிய மாணவர் எவருக்கும் இந்த வியாபாரத்தின் முகம் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றும்! டிஸ்னியும் வார்னரும் 2016இல் வழக்குத் தொடுத்தன. 2019இல் 819 படங்களுக்காக 62.4 மில்லியன் டாலர் தரவேண்டுமென நடுவர் குழு கூறியது. மறு ஆண்டு 9.9 மில்லியனுக்குச் சமரசம் ஆயிற்று.

ஆபாசம் எடுக்கிறவனுக்கு என்ன உரிமை, அவன் பொருளுக்கு என்ன மரியாதை என்று கேட்பாரும் உளர். கேள்வி காரமானது. ஆனால் கத்தரித்த கடைக்காரர் அழுக்கை அழிக்கவில்லையே. அழுக்கு நீங்கிய மீதியை அல்லவா விற்றுக் காசாக்கினார்? அந்த மீதியில் ஒரு மதிப்பு இருந்ததனால்தான் அது விலை போயிற்று. மதிப்புள்ள பொருளுக்கு உரியவன் ஒருவன் இருக்கத்தான் செய்வான். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பது குற்றமாகும்.

இன்னொன்றும் உண்டு. வெட்டுகிறவர் அதைப் பார்த்தாக வேண்டும்! பிள்ளை பார்க்கக் கூடாதென்று தந்தை ஒரு காட்சியை முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி, வினாடியைக் குறித்து, வெட்டியபின் சரியாக இருக்கின்றதா என்று மீண்டும் பார்க்கின்றார். பிள்ளை ஒருமுறை பார்த்திருக்கக்கூடியதைத் தாம் நான்குமுறை பார்த்துவிடுகின்றார். அத்துணைப் பாடுபட்டுக் காக்க வேண்டிய படம் எது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் நம் வீட்டு அலமாரியில் வேறொரு வகைத் தகடு இருக்கின்றது. அதற்குத்தான் கத்தரிக்கோல் உண்மையில் தேவை. அதை எவரும் நினைப்பதில்லை. நிக்காஹ் தகட்டைச் சொல்கின்றேன்.

பெண் வீட்டு அறையில், மஹ்ரமானவர் மட்டுமே இருக்கிறார்கள் என்று முக்காடு நழுவ அமர்ந்திருந்த மாமிமார், பூச்சூடிச் சிரித்து நின்ற குமரிப் பெண்கள், பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஒருவர் என எல்லாரையும் கேமரா பிடித்திருக்கின்றது. அவர்களுள் எவரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. அந்தத் தகடு பத்து நகலாகிச் சம்பந்தி வீடு, சிங்கப்பூர், துபாய் என்று போயிருக்கின்றது. இன்று அவர்களுள் சிலர் மௌத்தாகிவிட்டனர். சிலர் பேணுதலான வாழ்க்கைக்கு மாறிவிட்டனர். தலாக்காகிப் பிரிந்துபோன மணமகளின் முகம் முன்னாள் மாமியார் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றது.

இந்தத் தகட்டைத் திருத்தச் சட்டத்தில் தடையில்லை. பணம் கொடுத்து ஒருவர் தமக்காக எடுப்பிக்கும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு கூறுகின்றது. வீடியோக்காரர் தரும் இத்தகடுகளில் பெரும்பாலும் பூட்டும் கிடையாது. (பின்னணியில் அவர் சேர்த்த சினிமாப் பாட்டு மட்டும் பிறர் சொத்து. நிக்காஹ் குத்பாவுக்கு அடுத்து அது எதற்கென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.)

வீட்டில் பதிந்த தகடுகளின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் மங்கிவிடும். ஆகவே இருபதாண்டுக்கு முந்தைய தகடுகளைப் பலரும் இப்போது ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வருகின்றனர். அவ்வாறு படியெடுக்கும் வேளையே திருத்துவதற்கும் தக்க வேளை. இந்த வேலையைக் கடைத்தெருப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள்; எதை மறைக்க விரும்புகின்றீர்களோ அதைத்தான் அவன் முதலில் பார்ப்பான். பெண்கள் பகுதியை வீட்டுப் பெண்மணி ஒருவரே அமர்ந்து நீக்கட்டும். கணினி பழகிய பிள்ளைகள் இல்லாத வீடு இன்று ஏது? ஒரு நுட்பம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். டிவிடியில் ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒன்றாகத்தான் முழுப்படம் பதிந்திருக்கும். இடையிலுள்ளவை முன்பின் படங்களிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே. எனவே எளிய மென்பொருள்கள் நினைத்த இடத்தில் வெட்டாமல், அடுத்த முழுப்படத்தில்தான் வெட்டும். நீக்க வேண்டிய காட்சிக்கு ஒரு வினாடி முன்னரே தொடங்கி, ஒரு வினாடி பின்னரே முடியுங்கள்.

புதிய பிரதி சரியாக அமைந்ததும் பழைய தகட்டை இரண்டாக முறித்துவிடுங்கள். நகல் போன வீடுகளுக்கும் சொல்லியனுப்புங்கள்; சங்கடமாகத்தான் இருக்கும். வீடியோக்காரரிடம் மூலப் பதிவு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு மாதிரியென்று பழைய திருமணங்களைப் போட்டுக் காட்டும் வழக்கம் அவர்களுள் சிலரிடம் இருக்கின்றது.