ஆறடித் தொலைவு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, விடுதிச் சாப்பாட்டுக்குப் பின் நம் மன்ற நண்பர்கள் சிலர் மொட்டைமாடியில் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கலாபகோஸ் தீவுகளில் வந்து நின்றது. விலங்கியல் பயிலும் நண்பர், "வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்கே போய்விட வேண்டும். பேராமையையும் கடற்சிங்கத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாமாம். எல்லாம் அழிந்துபோவதற்குள் பார்த்துவிடுவது நல்லது" என்றார். பொருளியல் நண்பர் விடவில்லை. "உம்மைப் போன்றவர்கள் போவதனால்தானே ஐயா அவை அழிகின்றன! அத்தீவுகளில் மனிதன் காலே வைக்கலாகாது என்று சட்டம் செய்ய வேண்டும்" என்று மடக்கினார்.

இரவு பதினொரு மணிவரை வழக்கு ஓய்ந்தபாடில்லை. இருவரும் என் நண்பர்கள். இருவரும் பாதி உண்மையைப் பேசினார்கள் என்பது என் கருத்து. மற்றப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் அத்தீவுகளைக் கண்டவன் அல்லன். உதவிச் சம்பளத்தில் காலம் தள்ளும் மாணவன் எளிதில் போய்வரக்கூடிய இடமும் அன்று அது. ஆனால் அங்கே எழுந்துள்ள கேள்வி அத்தீவுகளுக்கு மட்டும் உரியதன்று. அழகான ஒன்றை எவ்வளவு அருகில் சென்று பார்க்க நமக்கு உரிமை உண்டு என்பதே அக்கேள்வி.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஈக்வடார் நாட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடப்பவை கலாபகோஸ் தீவுகள். அவை எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்தவை அல்ல. கடலடியிலிருந்து எரிமலைகள் கக்கிய குழம்பு குவிந்து, இறுகி, நீர்மட்டத்துக்கு மேல் தலைதூக்கியவை. அந்த வேலை இன்னும் முடியவில்லை. மேற்கே உள்ள பெர்னாந்தினா தீவின் எரிமலை 2024 மார்ச்சு மாதத்தில்கூட வெடித்து நெருப்பாறு பெருக்கியது. இப்படித் தனித்துப் பிறந்த தீவுகளுக்குக் கடலில் மிதந்தோ, காற்றில் பறந்தோ வந்து சேர்ந்த சில உயிர்களே குடியேறிகள். புலியும் நரியும் ஓநாயும் அந்தக் கடலைக் கடக்க இயலவில்லை.

அதனால் விளைந்தது ஒரு விந்தை. கடலில் நீந்திப் பாசி மேயும் உடும்பு அங்கே உண்டு. உலகில் வேறெங்கும் அப்படியொரு பல்லியினம் இல்லை. பறக்கும் ஆற்றலை இழந்துவிட்ட நீர்க்காகம் உண்டு. நிலநடுக்கோட்டருகே வாழும் பெங்குவின் உண்டு. நீலநிறக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடிப் பெடையைக் கவரும் பூபி என்னும் பறவை உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. நடைபாதையிலேயே பறவை கூடு கட்டும். படகுத் துறையின் விசிப்பலகையில் கடற்சிங்கம் படுத்து உறங்கும்.

இங்கேதான் நாம் ஒரு தவறு செய்கிறோம். இந்த அஞ்சாமையைக் கண்டதும், "ஆகா, நம்மை எவ்வளவு நம்புகின்றன!" என்று உள்ளம் குளிர்கிறோம். அது நம்பிக்கை அன்று, நண்பர்களே! அது பகையை அறியாமை. பல இலட்சம் ஆண்டுகளாகத் தரையில் தம்மை வேட்டையாட எவரும் இல்லாததால் அவ்வுயிர்கள் அஞ்சக் கற்கவில்லை. நம்மை ஆராய்ந்து பார்த்து நல்லவர் என்று அவை தீர்ப்பளித்துவிடவில்லை. ஓடித் தப்பவேண்டும் என்னும் அறிவே இல்லாத உயிரின் முன்னே நிற்பவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. காவல் முழுவதும் அவன் கையில்தான் இருக்கிறது.

அக்காவலை மனிதன் எப்படி ஆற்றினான்? 1835ஆம் ஆண்டில் பீகிள் கப்பலில் வந்து ஐந்து வாரம் அத்தீவுகளில் சுற்றினார் சார்லஸ் டார்வின். கிளையில் அமர்ந்திருந்த பருந்து ஒன்றைத் துப்பாக்கியின் முனையால் அவர் தள்ளிவிட முடிந்தது. கிணற்றருகே ஒரு சிறுவன் கையில் குச்சியோடு உட்கார்ந்து, நீர் குடிக்க வந்த புறாக்களையும் குருவிகளையும் ஒவ்வொன்றாக அடித்துக் குவித்துக்கொண்டிருந்ததையும் கண்டு எழுதியுள்ளார். அவரே ஆமைகளின் முதுகில் ஏறிச் சவாரி செய்து பார்த்தவர்; அவர் வந்த கப்பலும் உணவுக்காக ஆமைகளை ஏற்றிச் சென்றதுதான். பெரிய மனிதர்களையும் அஞ்சாத உயிர் சபலப்படுத்திவிடுகிறது என்பதற்கு இது சான்று.

மற்றவர்கள் செய்ததோ சொல்லும் தரமன்று. உணவும் நீருமின்றி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை அந்தப் பேராமைகள். அவ்வலிமையே அவற்றுக்கு எமனாயிற்று. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றைத் தலைகீழாகப் புரட்டிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு போயின, தேவைப்படும்போது அறுத்துத் தின்பதற்காக! இப்படி மறைந்தவை ஓர் இலட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகின்றனர். எஞ்சியவற்றின் புல்லை ஆடுகள் தின்றன. பிந்தா என்னும் தீவில் 1959இல் மீனவர்கள் விட்டுச்சென்றவை மூன்றே மூன்று ஆடுகள். சில ஆண்டுகளுக்குள் அவை பல்லாயிரமாகப் பெருகித் தீவை மொட்டையாக்கின. அத்தீவின் ஆமையினத்தில் ஒரே ஓர் ஆண் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது. தனிமை ஜார்ஜ் என்று உலகமே அழைத்த அந்த ஆமைக்கு இணையைத் தேடித் தேடிச் சலித்தனர். 2012 ஜூன் 24இல் அது இறந்தது. அதோடு அந்தக் குலமே முடிந்தது.

எனினும் கதை அத்தோடு நிற்கவில்லை. 1959இலேயே ஈக்வடார் அரசு, மக்கள் குடியிருந்த பகுதிகள் நீங்கலாக, நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வரிசையில் இடம்பெற்றவை இத்தீவுகள். அங்கே செல்பவர் இன்று தம் விருப்பம்போல் அலைய இயலாது. உரிமம் பெற்ற வழிகாட்டி உடன்வர வேண்டும். ஒரு வழிகாட்டியின்பின் பதினாறு பேருக்கு மேல் செல்லலாகாது. குறித்த பாதையை விட்டு விலகலாகாது. எவ்வுயிருக்கும் இரண்டு மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ ஆறடிக்குள் நெருங்கலாகாது. தொடலாகாது, தீனி போடலாகாது, மின்னொளி வீசிப் படமெடுக்கலாகாது. ஒரு கல்லையோ சிப்பியையோகூட எடுத்து வரலாகாது.

"இவ்வளவு தூரம் போய் ஆறடி தள்ளி நிற்பதா?" என்று விலங்கியல் நண்பர் முகம் சுளித்தார். ஆறடி தள்ளி நின்றால்தான் உண்மையில் அருகில் இருக்கிறோம் என்பது என் எண்ணம். தொடப்பட்ட பறவை கூட்டை விட்டு எழுகிறது. துரத்தப்பட்ட உடும்பு நீரில் குதிக்கிறது. அப்போது நாம் காண்பது நமக்கு அஞ்சும் ஓர் உயிரை மட்டுமே. ஆறடிக்கு அப்பால் அசையாமல் நிற்பவனுக்கோ குஞ்சுக்குப் பறவை இரையூட்டுவதும், கடற்சிங்கக் குட்டி பால் குடிப்பதும் தெரிகின்றன. அந்த ஆறடியில்தான் அவ்வுயிர் தன் வாழ்வை வாழ்கிறது. அதை மிதிப்பவன் தான் காண வந்ததையே அழிக்கிறான்.

இனிப் பொருளியல் நண்பருக்கு வருகிறேன். தீவுகளை அடைத்துவிட்டால் காவல் தானே அமைந்துவிடும் என்று அவர் எண்ணுகிறார். ஆடுகளை யார் ஒழித்தது? இசபெலா, சந்தியாகோ தீவுகளில் 1997 முதல் 2006 வரை பாடுபட்டு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ஆடுகளை அகற்றினர். எஸ்பஞோலா தீவில் எஞ்சியிருந்த ஆமைகள் பதினான்கே. அவற்றோடு, அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து மீட்டுவந்த டியாகோ என்னும் ஆமையையும் சேர்த்து வளர்த்தனர்; ஏறத்தாழ இரண்டாயிரம் குஞ்சுகள் தீவுக்குத் திரும்பின. 2020இல் டியாகோவும் தன் தீவுக்கே அனுப்பப்பட்டது. இதற்கெல்லாம் பணம் வேண்டும், காவலர் வேண்டும், அக்கறையுள்ள உலகம் வேண்டும். பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தில் கணிசமான பங்கு பூங்காவுக்குப் போகிறது. தீவுகளில் வாழும் முப்பதாயிரம் மக்களுக்கும் பயணிகளே பெரும்பிழைப்பு. 2020இல் கொள்ளைநோயால் பயணம் நின்றபோது அக்குடும்பங்கள் பட்ட பாட்டை மறக்கலாகாது. கண்டவன் காக்கிறான், காணாத ஒன்றுக்காக நெடுநாள் பரிந்து பேசுவார் அரியர்.

அப்படியானால் எவ்வளவு பேர் போனாலும் நன்மைதானா? இல்லை. இங்கே பொருளியல் நண்பரின் பாதி உண்மை தலைதூக்குகிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே சென்றவர் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. 2023இலோ மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர். கப்பலில் தங்கிச் சுற்றுவோர்க்கு இடவரம்பு உண்டு. ஊருக்குள் விடுதிகளில் தங்குவோர் தொகைதான் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவரும் ஒழுங்காக ஆறடி தள்ளி நின்றாலும், அவர்கள் உண்ணும் உணவும் எரிக்கும் எண்ணெயும் கடல் கடந்தே வர வேண்டும். சரக்கோடு விதையும் பூச்சியும் எறும்பும் வந்து இறங்குகின்றன. இப்படி வெளியிலிருந்து வந்த ஓர் ஈ, பறவைக் கூடுகளில் முட்டையிடுகிறது; அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்துக் கொல்கின்றன. டார்வின் பெயரால் அழைக்கப்படும் குருவிகளுக்கு இன்று அதுவே பெரும்பகை. 2001இல் ஓர் எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலில் எண்ணெயைக் கொட்டியது. 2007இல் இத்தீவுகள் ஆபத்துக்குள்ளானவை என்று யுனெஸ்கோவே அறிவித்து, 2010இல்தான் அப்பட்டியலிலிருந்து நீக்கியது.

இதற்கு ஈக்வடார் கண்ட வழி கட்டண உயர்வு. 2024 ஆகஸ்டு முதல் பெரும்பாலான வெளிநாட்டார்க்கு நூறு டாலராக இருந்த நுழைவுக் கட்டணம் இருநூறாயிற்று. இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பூங்காவுக்குப் பணம் சேரட்டும், நல்லதே. ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து வருபவனை இன்னொரு நூறு டாலர் தடுத்துவிடாது. விலையை ஏற்றிக்கொண்டே போனால் கூட்டம் குறையுமோ குறையாதோ, ஏழை மட்டும் நிச்சயம் குறைவான். எரிமலை செல்வருக்கென்று தீவு கக்கவில்லை. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று தொகையை வரையறுத்து, விண்ணப்பித்தவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பதே நேர்மை என்பேன். என் பெயர் வராவிட்டால் நான் போகாமலே இருந்துவிடுகிறேன். தீவு இருக்கிறது என்று அறிந்திருப்பதும் ஒரு செல்வந்தான்.

போகாமலிருப்பதும் சில இடங்களில் கடமையாகிறது. அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அந்தமான் கடலில் நார்கொண்டம் என்றோர் எரிமலைத் தீவு. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். அங்கு வாழும் நார்கொண்டம் இருவாச்சி உலகில் வேறெங்கும் கிடையாது. அவ்வளவு சிறிய வீட்டில் விருந்தினர் கூட்டத்துக்கு இடமேது? கலாபகோஸ் தாங்குவதை நார்கொண்டம் தாங்காது. ஒவ்வொரு தீவுக்கும் அதன் அளவு உண்டு. சிலவற்றுக்கு அவ்வளவு சுழி.

கடைசியாக ஒன்று. நம் விடுதி மாடிக்கு வரும் குரங்குகளை எல்லோரும் அறிவோம். இரண்டாண்டுகளுக்கு முன் அவை மரத்திலேயே இருந்தன. அருகில் வந்தால் படமெடுக்கலாம் என்று நாம்தான் ரொட்டியும் வாழைப்பழமும் நீட்டினோம். இப்போது அவை சன்னல் வழியே புகுந்து பிடுங்குகின்றன. நாம் கழியெடுத்துத் துரத்துகிறோம். நட்பு என்று தொடங்கியதைப் பகையாக்கியவர் யார்? கலாபகோஸ் போக நமக்கு வாய்க்குமோ என்னவோ, ஆறடித் தொலைவைக் கடைப்பிடிக்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நாளைக் காலை கையில் ரொட்டியின்றி அந்த மாடியில் நின்று, எதிர் மரத்தைச் சற்று நேரம் பார்ப்போம். அங்கே தொடங்காத ஒழுக்கம், எந்தத் தீவில் கால் வைத்தாலும் நமக்கு வந்துவிடப் போவதில்லை.