பரணும் பாராங்கும்

தீபகற்ப மலேசியாவில் ரூசா, கிஜாங் ஆகிய மான்களின் வேட்டைக்கு 2021 இறுதியில் நீட்டிக்கப்பட்ட ஆறாண்டுத் தடை முடிவை நெருங்குகிறது. தடை நீளுமா, விலகுமா என்பது தெரிவதற்கு முன்பே தோட்ட எல்லைகளில் பரண்கள் எழும்பத் தொடங்கிவிட்டன. கேட்டால் "பன்றிக்குத்தான்" என்கிறார்கள். இருக்கட்டும். அதோடு கூடவே வருகிற கேள்வி, பரணைச் சுற்றி எத்தனை அடி வெட்டலாம் என்பது. உரிமம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், தோட்ட நிர்வாகிகளும் கேட்கிறார்கள். இதழின் நிலையைச் சொல்லிவிடுகிறோம்.

நிரந்தர வனக்காப்பகத்துக்குள் ஒரு கிளைகூட வெட்டக்கூடாது. 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டம் இதில் வேட்டைக்காரருக்குச் சலுகை தரவில்லை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தருகிற உரிமம் விலங்குக்குத்தான். மரத்துக்கும் மண்ணுக்கும் அல்ல. பன்றி உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குள் பாராங் கத்தி வீசுகிறவர் இரண்டு அலுவலகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வனவிலங்குச் சட்டத்தின் உச்சத் தண்டனையை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பத்து லட்சம் ரிங்கிட் அபராதமாகவும் 15 ஆண்டுச் சிறையாகவும் உயர்த்தியிருக்கிறது. "தெரியாமல் மான்மேல் பட்டுவிட்டது" என்று சொல்லித் தப்பித்த காலம் போய்விட்டது.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. முதிர்ந்த செம்பனையில் எதையும் வெட்ட வேண்டிய தேவையே இல்லை. மரங்கள் 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நிற்பதால், எந்த மரத்தடியில் நின்று பார்த்தாலும் ஆறு திசைகளில் நேர்க்கோடாக வரிசை தெரியும். நான்கு மரம் தாண்டினால் 36 மீட்டர். நம் கையில் இருக்கும் ஷாட்கன்னில் எஸ்ஜி தோட்டாவின் நம்பகமான வீச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் பாதை திறந்தால் என்ன நடக்கும்? விலங்கு காயப்பட்டு ஓடும். அதைத் தேடி இரவெல்லாம் அலைய வேண்டிவரும். டெக்சஸ் வேட்டைக்காரர்கள் பரணிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் புதரைச் சீவி 'செண்டேரோ' போடுகிறார்கள் என்று படம் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது தொலைநோக்கி பொருத்திய ரைபிள், நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அதே அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் அடுத்தவர் நிலத்தில் பரண் கட்டவும் கிளை வெட்டவும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இங்கே கடன் வாங்குவதாக இருந்தால் அந்த விதியை வாங்கலாம்.

ஆக, சிக்கல் ஓரத்தில்தான். கடைசிச் செம்பனை வரிசை, எல்லை வாய்க்கால், அதைத் தாண்டிச் செண்டுடுக்கும் ரெசாமும் மாஹாங்கும் பின்னிக் கிடக்கும் புதர், அதற்கப்பால் காடு. பரண் கட்டுகிறவர் காட்டைப் பார்த்துக் கட்டுகிறார். பார்வை மறைக்கிறது என்று புதரை அரைவட்டமாக வழித்துவிடுகிறார். இதைவிடத் தவறான ஏற்பாடு வேறில்லை. வெட்டிய இடத்தில் சில வாரங்களில் இளந்துளிர் எழும். துளிரைத் தேடி முதலில் வருவது பன்றியல்ல, கிஜாங். உரிமமே இல்லாத விலங்குக்குத் துப்பாக்கி முனையில் விருந்து வைத்தாயிற்று. மாலை மங்கலில், கைவிரல் விசைமேல் இருக்கும்போது, கிஜாங்குக்கும் குட்டிப் பன்றிக்கும் வித்தியாசம் பார்க்கப் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

பரணைத் திருப்பிக் கட்டுங்கள். முதுகு புதருக்கு, முகம் செம்பனைக்கு. உதிர்ந்த பழத்துக்கு வருகிற பன்றி எப்படியும் வரிசைக்குள் இறங்கியே தீரும். பின்னாலுள்ள புதர் உங்கள் உருவத்தையும் மறைத்துக் கொடுக்கும். குறுக்கே ஒரு கிளை நின்றால் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும். தோட்ட நிலத்தில் நிர்வாகத்தின் அனுமதியோடு வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு அல்லது மூன்று குறுகிய பாதைகள், ஓர் ஆள் நடக்கும் அகலம், முழங்கால் உயரத்துக்கு மேல் உள்ளதை மட்டும். ஒரே ஒரு காரணத்துக்காக இதைவிட அதிகம் வெட்டலாம்: குண்டு எங்கே போய் நிற்கும் என்பது தெரியாவிட்டால். லயங்கள் இருக்கும் பக்கமும், பழம் பொறுக்க ஆள் வரும் பாதையும் தெளிவாகத் தெரிய வேண்டும். மனிதரைப் பன்றி என்று எண்ணிச் சுட்ட செய்திகள் இந்த நாட்டில் இன்னும் ஓயவில்லை. அந்தப் பார்வை கிடைக்காத இடத்தில் பரணே வேண்டாம்.

இந்த ஓரப் புதரைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறோம், சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் விடுவதற்கில்லை. ஓரத்தை வழிப்பது கடைசியில் புலியின் இரையைத்தான் தொடுகிறது. காயே கவானிஷியும் உடன் ஆய்வாளர்களும் தீபகற்பத்தின் கேமராப் பொறிப் பதிவுகளைத் திரட்டி, புலியின் இரைவிலங்குகள் என்ன ஆயின என்று 2013-இல் 'ஓரிக்ஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். மான் தடைக்கு அறிவியல் முதுகெலும்பு அதுதான். அதன்பின் நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொன்னது. ரூசா இல்லாத காட்டில் புலிக்கு என்ன வேலை? தீபகற்பத்தின் பாசோ காட்டில் ஆய்வு செய்த லஸ்கின் குழு 2017-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. செம்பனைப் பழம் தின்று பெருகிய பன்றிகள் ஈனுவதற்குக் கூடு கட்டவே காட்டின் இளங்கன்றுகளை ஒடித்து எடுக்கின்றன. 24 ஆண்டுகளில் இளங்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்துவிட்டது. பன்றியைச் சுடுகிறவர் காட்டுக்கு உதவி செய்கிறார் என்பதை இந்த இதழ் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. அதே ஆள் ஓரத்தை வழித்தால் அந்த உதவி வீண்.

சரி, வேட்டைக்காரரிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிற அரசு தன் பாராங்கை எப்படி வீசுகிறது? பந்திங்குக்குப் போகிற வழியில் உள்ள கோலலங்காட் வட வனக்காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சதுப்புக் காடு, தெமுவான் மக்களின் வாழ்விடம். பொதுமக்கள் ஆட்சேபங்கள் குவிந்தபிறகும் 2021 மே மாதத்தில் அதில் 536.7 ஹெக்டேர் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் செய்தி ஆகஸ்டு இறுதியில் சட்டமன்றத்தில்தான் வெளியே வந்தது. கொந்தளிப்பு எழுந்தபின் செப்டம்பர் 8 அன்று சிலாங்கூர் மந்திரி பெசார் முடிவைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டே ஷா ஆலமில் புக்கிட் செராக்கா. 406 ஹெக்டேர் நீக்கம், 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்டு. காப்பகத்தை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்று 2011-இல் நாட்டிலேயே முதலில் சட்டம் செய்த மாநிலம் சிலாங்கூர். முடிவு அந்தச் சட்டத்துக்கு முந்தியது, ஆகவே விசாரணை தேவையில்லை என்று விளக்கம் சொன்னதும் அதே மாநிலம்தான். ஒரு தோட்டத் தொழிலாளி எல்லை வாய்க்காலுக்கு அப்பால் நாலு மாஹாங் கன்றை வெட்டினால் எந்த அலுவலகம் 22 ஆண்டு பின்தேதியிட்டு அனுமதி எழுதிக் கொடுக்கும்?

இந்த இதழ் வெளிவரும் பங்சாரே ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். பக்கத்தில் புக்கிட் பெர்செகுத்துவானில் எஞ்சியிருக்கும் மரங்களைக் காப்பாற்ற மலேசிய இயற்கைக் கழகம் ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காட்டின் ஓரம் என்பது வரைபடத்தில் அழிரப்பரால் அழிக்கிற கோடாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் பன்றிக்கு விதி வகுத்தபோது ஓரத்தை முதலில் அளந்தார்கள். காப்பகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை கைவைக்கக் கூடாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையே சுடலாம். அந்த ஏற்பாட்டிலும் குறை சொல்ல இடமுண்டு. ஆனால் தூரத்தை எழுதி வைத்தார்கள். இங்கே காப்பகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் புதர் நிற்க வேண்டும் என்பதை உரிமத் தாளில் ஒரு வரியாகச் சேர்க்கக்கூடவா முடியாது?

ரூசா, கிஜாங் தடையை நீட்டிக்க வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை. உரிமக் கட்டணம் கட்டுகிற நாமே அதைக் கேட்க வேண்டும். பெர்ஹிலித்தானுக்கு எழுதும்போது ஓரப் புதரின் அகலத்தையும் உரிம நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள். சிலாங்கூரில் அடுத்த காப்பக நீக்க விசாரணைக்கு அறிவிப்பு வந்தால், கெடு முடிவதற்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். அதுவரை, எல்லைக்கல்லைத் தாண்டிக் கட்டிய பரண்களைப் பிரித்துவிடுங்கள்.