சஹ்யாத்ரிச் சிகரங்கள் எரிமலைகளா?

மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரித் தொடரில் கூம்பாக நிற்கும் சிகரங்கள் யாவும் அணைந்துபோன எரிமலைகள் என்றும், ஒரே கொந்தளிப்பில் எழுந்தவை என்றும் பரவலாக நம்பப்படுகிறது. அங்குள்ள கரும்பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாறை பிறந்த விதத்தையே மலை பிறந்த விதமாகவும் கொள்வது பிழை.

சிகரம் எரிமலைக் கூம்பாக இருந்திருந்தால், அதன் அடுக்குகள் நடுவாயிலிருந்து நாற்புறமும் சரிந்திருக்க வேண்டும். இங்கோ அவை ஏறத்தாழக் கிடையாகப் படிந்து, பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள மலையிலும் அதே மட்டத்தில் தொடர்கின்றன. சிலிக்கா குறைந்த குழம்பு இளகலானது என்பதால், நிலத்தில் விழுந்த நீண்ட பிளவுகளின் வழியே வெளிப்பட்டு நெடுந்தொலைவு பரவியது; கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியின் பசால்ட்டும் வேதியியல் இயைபில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடுக்குகளோடு ஒத்துப்போகிறது.

ஒரே கொந்தளிப்பு என்ற கூற்றை அடுக்குகளுக்கு இடையிலுள்ள செந்நிறப் பட்டைகளே மறுக்கின்றன. உறைந்த குழம்பின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணான பின்னரே அடுத்த குழம்பு அதன்மேல் பாய்ந்தது என்பதற்கு அவை சான்று. நாக்பூர் வட்டாரத்தில் அத்தகைய இடைப்படிவுகளில் நன்னீர் நத்தைகளின் ஓடுகளே புதைந்துள்ளன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இப்பெருக்கின் பெரும்பகுதி 10 லட்சம் ஆண்டுகளுக்குள் முடிந்தது என்பது உண்மையே. புவியியலில் அது குறுகிய காலம்தான் என்றாலும், குளங்களில் நத்தைகள் வாழ்ந்து மடிய அதில் தாராளமாக இடமிருந்தது.

மலைக்கு இன்றைய உருவைத் தந்தது அரிப்பு. ஒவ்வொரு குழம்படுக்கின் நடுப்பகுதியும் இறுகிக் கெட்டியாக உறைந்தது. மேற்பகுதியிலோ வாயுக்குமிழிகள் துளைகளை விட்டுச்சென்றன, அத்துளைகளில் பின்னர் ஊறிய நீர் சியோலைட் என்னும் வெண்ணிறக் கனிமத்தைப் படியவிட்டது. துளைப்பகுதி எளிதில் தேய்ந்து சரிவாகிறது, கெட்டிப்பகுதி செங்குத்தாக நிற்கிறது. மலைக்கோட்டைகளுக்கு இயற்கை மதிலாக அமைந்த பாறைமுகங்களும் இவ்வாறு உருவானவையே. 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய்ச் சிகரம், சுற்றிலுமிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டுப் போனபின் எஞ்சிய மிச்சமேயன்றி எரிமலை வாயன்று.

எரிமலை என்ற கூற்றை மேற்குத் தொடர்ச்சி மலை முழுமைக்கும் நீட்டுவோரும் உண்டு. ஆனால் பசால்ட் அடுக்குகள் பெலகாவி வட்டாரத்தோடு முடிந்துவிடுகின்றன. நீலகிரியின் சார்னோக்கைட், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறிய பாறையாதலால், தக்காணக் குழம்புப் பெருக்கோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.