பேனர் அடிக்கும் முன்பு ஒரு நோட்டு வாங்குங்கள்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். பத்திரிகை வைக்க வரும் பழைய மாணவர்கள் ஒரு வகை. "சார், பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பிக்கிறோம், நீங்கதான் ஆலோசனை சொல்லணும்" என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. விருத்தாசலத்தில் இந்த இரண்டாம் வகை இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் வரும்போதே அமைப்பின் பெயர், லோகோ, டி-ஷர்ட் நிறம் எல்லாம் முடிவாகியிருக்கும். என்ன வேலை செய்யப் போகிறீர்கள் தம்பி என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருவர் சொல்வார்: "மரக்கன்று நடலாம்னு இருக்கோம் சார்."

நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நடுங்கள். ஒரே குழியில் வருடா வருடம் புதுக் கன்று நட்டுப் படம் எடுக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழிக்கு வாய் இருந்தால் அழும்.

என் கருத்து இதுதான். மாணவர்கள் செய்யும் சேவையில் படிப்பும் இருக்க வேண்டும். செய்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு, காலையில் தெரியாத ஒன்று மாலையில் தெரிந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் நாம் பிள்ளைகளை இலவசக் கூலியாட்களாக நடத்தியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். யாருக்குச் செய்கிறோமோ அவர்களைக் கேட்காமல் தொடங்கினாலும் படிப்பு வராது.

இது புதுச் சரக்கு இல்லை. "சேவைவழிக் கற்றல்" என்று நாம் இப்போது சொல்வதற்கான ஆங்கிலப் பெயர் 1960களில் அமெரிக்காவில் வந்தது. நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது எல்லோரும் என்.எஸ்.எஸ். என்று சொல்வது, 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. காந்தி நூற்றாண்டு. அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். வருடத்துக்கு 120 மணி நேரம் என இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், தத்தெடுத்த கிராமம் என்று ஒழுங்கான ஏற்பாடு. இன்றைக்கும் ஓடுகிறது. பல திட்ட அலுவலர்கள் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள். ஆனால் ஏழு நாள் முகாம் முடிந்து வேன் கிளம்பியதும், அந்தக் கிராமத்தில் மாணவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று வகுப்பறையில் உட்கார்ந்து பேசும் கல்லூரிகள் எத்தனை? சான்றிதழ் வந்ததா என்று கேட்பதோடு சரி.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அதை நம் ஊர் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 1929-ல் காந்தியைச் சந்திக்கிறார். காந்தி அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டத்துக்கு அனுப்பி, மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கச் சொல்கிறார். இவருக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு போனார். அவர்கள்தான் இவருக்கு வாயும் காதும். 50க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, கடன் எவ்வளவு, சர்க்காருக்குக் கட்டும் வரி எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கை 1931-ல் புத்தகமாக வந்தது. விவசாயியின் வருமானத்தையும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

அந்த மாணவர்கள் தெரு பெருக்கியிருந்தால் ஒரு நாள் தெரு சுத்தமாக இருந்திருக்கும். கேட்டு எழுதியதால் அந்த மக்களின் கையில் ஒரு கணக்கு கிடைத்தது. மாணவர்களுக்கு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பொருளாதாரம் கிடைத்தது. இரண்டு பக்கமும் லாபம். இதைத்தான் நான் சேவைவழிக் கற்றல் என்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும். நமக்குப் பீங்கானும் உண்டு. செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் பாலிடெக்னிக்கும் இருக்கிற ஊர் இது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வளர்ந்த தொழில். கார்த்திகைக்கு அகல் விளக்கும் நவராத்திரிக்குப் பொம்மையும் இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

நான் இடைநிலை ஆசிரியர். நடுநிலைப் பள்ளியில் என்.எஸ்.எஸ். கிடையாது, இளம் செஞ்சிலுவைச் சங்கமும் பசுமைப் படையும்தான். ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பீங்கான் வேலை செய்யும் பெண்களுக்குத் தூசி பற்றி விழிப்புணர்வு ஊர்வலம் போகலாம் என்றார்கள். அட்டை எழுதுவதற்கு முன் போய் அவர்களிடம் பேசிவிட்டு வரலாம் என்றேன். வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம் போனோம். தலைவியாக இருந்த பெண் மாஸ்க் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஒரு அம்மா சிரித்துவிட்டார். "மாஸ்க் போடணும்னு எங்களுக்குத் தெரியாதா பாப்பா? அதைப் போட்டுக்கிட்டுச் சூளைப் பக்கம் ஒரு மணி நேரம் நின்னு பாரு."

பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி ஓடவில்லை. ஒரு பையன்தான் மெதுவாக, "அப்ப உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்றான். அந்தக் கேள்வியில்தான் வேலையே தொடங்கியது. அந்த அம்மாக்கள் சொன்னது நல வாரிய அட்டை பற்றி. தமிழ்நாட்டில் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது, பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. யார் பதியலாம், என்ன காகிதம் வேண்டும், படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பது வீட்டில் விளக்கும் பொம்மையும் செய்யும் பெண்கள் பலருக்குத் தெரியவில்லை. விசாரிக்கப் போனால் ஒரு நாள் கூலி போகும்.

ஊர்வலம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் படிவத்தை வாங்கி வந்து வகுப்பில் வரிவரியாகப் படித்தார்கள். தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பம் எழுதுவது என்று ஒரு பயிற்சி வரும், யாரோ ஒருவர் யாரோ ஒரு அலுவலருக்குத் தெரு விளக்கு கேட்டு எழுதுவார். அதை உண்மையான பெயரும் உண்மையான தேவையும் வைத்து எழுதியபோது ஒருவன்கூட "இது பரீட்சைக்கு வருமா சார்" என்று கேட்கவில்லை. ஆயிரம் விளக்குக்கு இவ்வளவு கூலி என்றால் ஒரு நாள் வருமானம் என்ன என்ற கணக்கும் வந்தது. அச்சில் களிமண் கூழை ஊற்றினால் ஏன் ஓரம் மட்டும் கெட்டியாகிறது என்ற அறிவியலும் வந்தது. அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நுண்துளை உள்ளது, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதைச் சொன்னது நான் இல்லை, பட்டறை அம்மாதான் சொன்னார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் கையில் வைத்திருந்தார்.

தூசி விஷயத்தையும் விட்டுவிடவில்லை. மண்ணிலும் குவார்ட்ஸ் பொடியிலும் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. தொழிற்சாலைச் சட்டத்திலேயே தொழில்சார் நோயாகப் பட்டியலிடப்பட்ட நோய் அது. துணி மாஸ்க் அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரப்படுத்தித் துடைப்பது மேல் என்பதைப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போய்ச் சொன்னார்கள். இந்த முறை அம்மாக்கள் கேட்டார்கள். அதற்குள் பழகிவிட்டார்கள் அல்லவா?

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அம்மா என்ன வேலை என்று கேட்டால் "வீட்லதான் சார்" என்பாள். பட்டறைக்குப் போன நாளில் அவள் பின்னால் பின்னால் நின்றாள். இரண்டாவது முறை போனபோது அவளுடைய அம்மாதான் அச்சைப் பிரித்துப் பொம்மையை உடையாமல் எடுக்கக் காட்டிக்கொடுத்தார். நாற்பது பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் "எங்கம்மா பொம்மை செய்வாங்க" என்று சொல்லத் தொடங்கினாள். சேவை செய்யப் போனவர்கள் நாங்கள். சேவை எந்தப் பக்கம் நடந்தது என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. பட்டறையில் பிள்ளைகளை உட்கார வைத்து விளக்குச் செய்து கொடுப்பது சேவை ஆகாது, அதற்குப் பெயர் குழந்தை உழைப்பு. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். சூளைப் பக்கமும் எந்திரத்துப் பக்கமும் போகக் கூடாது. மழைக்காலத்தில் மணிமுத்தாற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று இறக்காதீர்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பள்ளி வாசலைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்றைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காது. சேவை என்று சொன்னதும் வாளியும் துடைப்பமும் யார் கைக்குப் போகின்றன என்று பாருங்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பள்ளிக் கழிப்பறை கழுவ விட்டார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் எத்தனை முறை வந்துவிட்டது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் "அந்தத் தெருப் பசங்களை வரச் சொல்லுங்க, அவங்களுக்குப் பழக்கம்" என்ற பேச்சைக் காதால் கேட்டேன். அப்படியென்றால் என் வகுப்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். உங்கள் குழுவில் சுத்தம் செய்யும் வேலை இருந்தால் பெயர்ப் பட்டியல் வரிசைப்படி எல்லோரும் செய்யட்டும், ஆசிரியர் பெயரும் அதில் இருக்கட்டும். ஆண் பிள்ளைகள் மேடை போடுவது, பெண் பிள்ளைகள் கோலம் போடுவது என்ற பங்கீடும் வேண்டாம்.

அன்னதானம் நடத்தலாமா என்று கேட்பார்கள். வடலூர் நமக்குப் பக்கத்து ஊர். வள்ளலார் 1867-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சோறு போடுவதில் நம் மாவட்டம் யாருக்கும் சளைத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது பொட்டலம் கொடுக்கக் கூட்டம் வந்தது. எத்தனை மரம் போனது, கன்று மறுபடி காய்க்கும் வரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்று பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் குறைவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் செய்யக்கூடிய வேலைதான் அது.

"படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதுக்கு" என்ற பெற்றோரிடம் நான் வாதாடுவதில்லை. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் விட்டுவிடுங்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று போதும். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, தலா இரண்டு மணி நேரம். ஒரு தெரு அல்லது ஒரு தொழில், ஒரு தேவை, ஒரு கல்வியாண்டு. பத்து வேலை எடுக்காதீர்கள். போய் வந்ததும் பத்து நிமிடமாவது உட்கார்ந்து எழுத வேண்டும். என்ன பார்த்தேன், என்ன நினைத்துக்கொண்டு போனேன், அது சரியாக இருந்ததா? இந்த மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் படிப்பு இருக்கிறது. அந்த நோட்டைத் திருத்தாதீர்கள் ஆசிரியர்களே, எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை அடித்தால் அடுத்த வாரம் "நன்றாக இருந்தது" என்று ஒரே வரி வரும்.

திட்டம் நடுவில் மாறினால் பயப்படவும் வேண்டாம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக்கொடுக்கத்தான் போனது. வெளியே போய்வர ஆண்களை எதிர்பார்க்க வேண்டியிருந்த பெண்களுக்குச் சைக்கிள் தேவை என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதையும் இயக்கத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் பாடத்திட்டத்தில் இல்லை என்று யாராவது தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் ஊர் இளைஞர் குழுக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கார்த்திகை நெருங்கும்போது பட்டறைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது போய்க் கேள்வி கேட்காதீர்கள். தை பிறக்கட்டும். நாலைந்து பேராகப் போங்கள், நாற்பது பேராக வேண்டாம். போனை முதல் இரண்டு தடவை சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். படிவம் நிரப்பும் அளவுக்கு வேலை வந்தால் எனக்குச் சொல்லுங்கள், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.