பிராவாவும் அம்மையும்

கச்சேரிக்குச் செல்லும் ரஸிகருக்குக் காது மட்டும் போதாது; வாயும் வேண்டும். நல்ல பிருகா ஒன்று விழுந்தவுடன் 'பேஷ்', 'பலே', 'சபாஷ்' என்று ஏதேனும் சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சு ஆறுவதில்லை. இத்தாலியரும் இவ்விஷயத்தில் நமக்கு இளைத்தவர்களல்லர். ஆயின் அவர்களிடம் ஒரு நுட்பம் உண்டு. பாடுகிறவர் ஆணாயின் 'பிராவோ' என்பர். பெண்ணாயின் 'பிராவா' என்பர். பெண்கள் பலராயின் 'பிராவே'. வல்லவன், வல்லவள், வல்லவர் என்று நாம் கூறுவது போலத்தான்.

பிரஞ்சுக்காரர் அச்சொல்லை இரவல் வாங்கியபோது பால் வேற்றுமையை இத்தாலியிலேயே விட்டு வந்தனர். அவர்கள் பாஷையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'பிராவோ' ஒன்றே.

அதற்காக நாம் அவர்களைப் பார்த்து நகைப்பதற்கில்லை. 'பாடினான்', 'பாடினாள்' என்று வினைமுற்றிலேயே பால் காட்டும் பாஷை நம்முடையது. அப்படியிருந்தும் பாரசீகத்துச் 'சபாஷை' இருபாலார்க்கும் பொதுவாக்கிக் கொண்டோம். பொதுவாயிருப்பது குற்றமன்று. பெண் பாடும்போது அச்சொல், 'பெண்ணாயிருந்தும் இவ்வளவா!' என்ற வியப்போடு முதுகில் தட்டிக் கொடுப்பது போல் வெளிவருகிறதே, அதுதான் குற்றம். சென்னை மியூஸிக் அகாடமி தோன்றியது 1928-ல். அதன் 'சங்கீத கலாநிதி' பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்மணி பெற்றது 1968-ல், அவர் எம். எஸ். சுப்புலக்ஷ்மி. இடையில் நாற்பது ஆண்டுகள்!

பெண்ணின் பாட்டை எப்படிப் போற்றுவது என்பதற்குக் காரைக்காலில் ஒரு பழைய கதை உண்டு. பிரஞ்சுக்காரர் 1739-ல் அங்கே கால் வைத்து 1954-ல் ஆட்சியைக் கைவிட்டுப் போனார்கள். அவர்கள் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்வூர் வணிகர் குலத்தில் பிறந்தவர் புனிதவதியார். பேயுருக் கொண்டு கைலை ஏறிய அவரை இறைவன் 'அம்மை' என்று அழைத்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறுகிறார். திருவாலங்காட்டில் பெருமான் ஆட, அவர் திருவடிக் கீழ் இருந்து அம்மையார் பாடினார். அப்பாட்டுக்கள் 'மூத்த திருப்பதிகம்' என்றே பெயர் பெற்றன. செப்புத் திருமேனிகளில் இன்றும் அவர் கையில் தாளம் இருக்கிறது.

ஆடியவர் ஆண்டவர்; பாடியவர் பெண். ஆடியவரோ பாடியவரைத் தட்டிக் கொடுக்கவில்லை. தமக்கே தாயாக உயர்த்திவிட்டார்!

ஆகையால், ரஸிகர்களே, 'பிராவா'வைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. வாய் 'பலே' என்றே சொல்லட்டும். அதை இடமறிந்து, வித்தைக்காகவே சொல்லுங்கள். உள்ளத்தில் மட்டும் அந்தக் காரைக்கால் சொல் இருக்கட்டும்.